கிரிப்பில் விழுந்த பெயர்

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் ஓட்டோ ஓட்டும் ஒருவர் இருக்கிறார். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர், என்னை அண்ணன் என்பார். பழைய ஓட்டோவைக் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் நல்லதாக ஒன்று எடுக்க நினைத்து ஒரு லீசிங் கம்பனிக்குப் போனார். துணைக்கு நானும் போனேன். புறக்கோட்டைக் கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில் என்பதால், ஒழுங்கையில் யார் கையில் படிவம் வந்தாலும் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பையன் அடையாள அட்டை இலக்கத்தைத் தட்டினான். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தான். பிறகு திரையை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"கிரிப்ல ஒரு சின்ன இஷ்யூ இருக்கு அண்ணா. அத க்ளியர் பண்ணிட்டு வாங்களேன்."

"என்ன இஷ்யூ தம்பி? நான் ஒருத்தருக்கும் கடன் இல்லையே!"

"அத நாங்க காட்ட ஏலாது. நீங்களே போய் ரிப்போர்ட் எடுத்துப் பாருங்க."

வெளியே வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "என்னைக் கறுப்புப் பட்டியல்ல போட்டிட்டாங்களா அண்ணன்?" கொழும்பில் கிரிப் என்ற சொல்லைக் கேட்டால் பாதிப் பேருக்கு இதே நினைப்புத்தான் வருகிறது. கோட்டையில் எங்கோ ஓர் அறையில் ஓர் அதிகாரி சிவப்புப் பேனையோடு உட்கார்ந்து நல்லவர், கெட்டவர் என்று பெயர் பிரிக்கிறார் என்பது போல. அப்படி எதுவும் இல்லை. கிரிப்பில் விழுந்த பிழையைத் திருத்துவது எப்படி என்பது விளங்க வேண்டுமானால், அந்த இடத்தில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கிரிப் என்று நாங்கள் சொல்வது இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகத்தை. 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. தெற்காசியாவில் இப்படியான பணியகங்களில் இதுவே முதலாவது. மத்திய வங்கிக்கும் கடன் கொடுக்கும் நிறுவனங்களுக்கும் அதில் பங்கு உண்டு. வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் லீசிங் கம்பனிகளும் தங்களிடம் கடன் வாங்கியவர்கள் கட்டுகிறார்களா, எவ்வளவு நிலுவை, எத்தனை நாள் தாமதம் என்று மாதாமாதம் அங்கே அனுப்பும். பணியகம் அதைச் சேர்த்து வைக்கும். நீங்கள் புதுக் கடன் கேட்கும்போது கொடுக்கப் போகிறவர் அதை வாங்கிப் பார்ப்பார். கடன் கொடுப்பதா இல்லையா என்ற முடிவு கொடுப்பவருடையது. பணியகம் அதில் தலையிடுவதில்லை. வருகிற தகவலைத் தன் விருப்பத்துக்கு மாற்றி எழுதுவதும் இல்லை. இந்தக் கடைசி வசனத்தை மனதில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

அலுவலகம் கோட்டையில், சேர் பாரோன் ஜயதிலக்க மாவத்தையில் உள்ள வைட்டவேஸ் கட்டடத்தில் இருக்கிறது. அந்தப் பெயர் வைட்டவே லெய்ட்லோ என்ற வெள்ளைக்காரர் காலத்துப் பெருங்கடையினுடையது. கல்கத்தா, சென்னை, கொழும்பு என்று பல நகரங்களில் அதற்குக் கிளைகள் இருந்தன. கடனுக்குச் சாமான் கொடுக்காத கடை என்று பெயர் எடுத்தது. கையிலே காசு, வாயிலே தோசை. அந்தக் கடையின் பெயர் இன்னும் ஒட்டியிருக்கும் கட்டடத்தில்தான் இன்று நாடு முழுவதன் கடன் கணக்கும் கிடக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

பணியகம் வருவதற்கு முன்பும் ஆளைப் பார்த்துத்தான் கடன். கோட்டையிலிருந்து நடந்து போகக்கூடிய செட்டியார் தெருவில் இன்று நகைக்கடைகள். நூறு வருடத்துக்கு முன் அது வட்டிக்கடைகளின் தெரு. ஆங்கிலேய வங்கிகள் செட்டியார்களுக்குக் கடன் கொடுத்தன, ஆனால் நேரே அல்ல. ஷ்ரொஃப் என்று ஒருவர் ஒவ்வொரு வங்கியிலும் இருப்பார். இன்னார் நாணயமானவர் என்று அவர் சொல்லி உத்தரவாதம் கொடுத்தால்தான் பணம் வெளியே வரும். 1934இல் அறிக்கை கொடுத்த இலங்கை வங்கி ஆணைக்குழு இந்த ஏற்பாட்டையெல்லாம் ஆராய்ந்தது. அதன் தொடர்ச்சியாக 1939இல் இலங்கை வங்கி திறந்தது. ஷ்ரொஃப்பின் மனதில் உங்களைப் பற்றி ஒரு தப்பான எண்ணம் விழுந்திருந்தால் அதைத் திருத்த எந்தப் படிவமும் இருந்திருக்காது. யாரையாவது பிடித்துப் பேச வேண்டியதுதான். இன்று குறைந்தது பதிவு காகிதத்தில் வருகிறது, வரிக்கு வரி வாசிக்கலாம்.

உங்களைப் பற்றிய அறிக்கையை நீங்களே எடுக்க முடியும். 2008ஆம் ஆண்டின் 42ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு கிடைத்த வசதி இது. அடையாள அட்டையோடு நேரில் போகலாம், வங்கிக் கிளை மூலம் கேட்கலாம், இப்போது இணையத்திலும் விண்ணப்பிக்கலாம். வங்கிக்காரர் தன் தேவைக்கு எடுத்த அறிக்கையின் பிரதியைத் தர மாட்டார். சண்டை பிடித்துப் பயனில்லை, அது இரகசியத் தகவல்.

ஓட்டோக்காரரின் அறிக்கை வந்த அன்று இரவு எங்கள் சாப்பாட்டு மேசையில் விரித்து, அடிமட்டத்தை வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தோம். அவர் மனைவி பழைய ரசீதுகள் போட்டு வைத்த பிஸ்கட் டின்னோடு வந்து உட்கார்ந்தார். மூன்று வரிகளில் கோளாறு. முதலாவது, 2017இல் எடுத்த மோட்டார் சைக்கிள் லீசிங்: எப்போதோ கட்டி முடித்தது, ஆனால் 640 ரூபாய் நிலுவை என்று இன்னும் திறந்தே கிடக்கிறது. இரண்டாவது, ஒரு கடனட்டை. வாழ்நாளில் அவர் கடனட்டையே வைத்திருந்ததில்லை. மூன்றாவது வரியில் அவர் கடன்காரரும் இல்லை, பிணையாளர்.

மூன்றாவதைப் பார்த்ததும் மனைவி டின்னை மூடிவிட்டார். அது அவருடைய தம்பியின் கடன்.

கடனட்டை வரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது எங்கள் ஆட்களுக்கு என்றே அமைந்த பிழை. தமிழருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பன் பெயர் முன்னால், தன் பெயர் பின்னால். ஆனால் வங்கிப் படிவத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கிறது, அதில் எதையாவது போட்டே ஆக வேண்டும். ஒரு வங்கியில் கே. சிவகுமார் என்று இருப்பவர் இன்னொன்றில் எஸ். கந்தையா ஆகிவிடுவார், அதாவது தகப்பன் பெயரில் மகன் கடன்காரர். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் 'எஸ், ஐ' என்று தொடங்குவார், மற்றவர் நடுவில் ஒரு 'எச்' போடுவார். பெண்களுக்கு இன்னும் சிக்கல். கல்யாணத்துக்கு முன் தகப்பன் பெயரின் முதலெழுத்து, பின் கணவன் பெயரின் முதலெழுத்து. ஒரே ஆள் இரண்டு பேராகப் பிரிந்து கிடக்கலாம், ஒழுங்காகக் கட்டிய கடன் ஒரு பக்கம், தாமதமானது மறுபக்கம் என்று.

பெயரைவிட அடையாள அட்டை இலக்கம்தான் முக்கியம் என்பார்கள். உண்மை. ஆனால் அதிலும் ஒரு வளைவு இருக்கிறது. பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்கள், கடைசியில் 'வி' அல்லது 'எக்ஸ்'. 2016 முதல் வருவது 12 இலக்கம். பழையதைப் புதியதாக்க முன்னால் 19 சேர்க்க வேண்டும், பிறந்த நாளைக் குறிக்கும் மூன்று இலக்கங்களுக்குப் பின்னால் ஒரு பூச்சியம் செருக வேண்டும், கடைசி எழுத்தை எடுத்துவிட வேண்டும். இதைக் கையால் தட்டும்போது பூச்சியத்தைத் தப்பான இடத்தில் வைத்தால் வேறு இலக்கம். இன்னொன்று: பழைய அட்டையின் முதல் ஐந்து இலக்கங்கள் பிறந்த வருடமும் நாளும்தான், பெண்ணென்றால் நாளோடு 500 கூட்டியிருக்கும். ஆகவே ஒரே நாளில் பிறந்த இரண்டு ஆண்களுக்கு முதல் ஐந்தும் ஒன்றே. மீதி நான்கில் ஓர் இலக்கம் தவறினால், அதோடு பெயரும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால், யாருடைய கடனட்டையோ உங்கள் தலையில்.

ஓட்டோக்காரருக்கு நடந்தது அதுதான் என்று பிறகு தெரிந்தது.

இனித் திருத்தும் வழி. இங்கேதான் பலர் இணையத்தில் பார்த்ததை நம்பி வழி தவறுகிறார்கள். வெள்ளவத்தையில் எனக்குத் தெரிந்த ஒரு தம்பி அமெரிக்கக் காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு, பிழையோ சரியோ எல்லா வரிகளையும் மறுத்துப் பணியகத்துக்கு நீளமான கடிதம் அனுப்பினான். அமெரிக்காவில் அதற்கு ஒரு பின்னணி உண்டு. அங்கே 1970இல் வந்த கடன் அறிக்கைச் சட்டத்தின் கீழ் எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று பணியகங்களும் முறைப்பாடு கிடைத்தால் பொதுவாக 30 நாட்களுக்குள் விசாரிக்க வேண்டும். உறுதிப்படுத்த முடியாத பதிவை எடுத்துவிட வேண்டும். அந்தக் கடைசி விதியை நம்பி, கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டால் ஏதாவது ஒன்று விழாதா என்று ஒரு தொழிலே வளர்ந்தது. 1996இல் அதற்கும் ஒரு சட்டம் போட்டு, வேலையை முடிக்கும் முன் காசு வாங்கக் கூடாது என்றார்கள். பிழைகள் கற்பனை என்று சொல்ல வரவில்லை. அங்குள்ள மத்திய வர்த்தக ஆணைக்குழு 2013இல் வெளியிட்ட ஆய்வில் ஐந்து பேரில் ஒருவருக்கு, மூன்று பணியகங்களின் அறிக்கைகளில் ஒன்றிலாவது பிழை இருந்தது. ஆனால் கடனின் விலையே மாறுமளவுக்குப் பெரிய பிழை இருந்தது நூற்றுக்கு ஐந்து பேருக்குத்தான்.

சென்னைக் காணொளிகள் இன்னொரு பக்கம். சிபில் என்பது அங்குள்ள கடன் தகவல் பணியகம். அதன் ஸ்கோர் 750க்கு மேல் இருக்க வேண்டும் என்று அவர்கள் சொல்வது இந்தியாவுக்கு. அங்கே முறைப்பாடு 30 நாட்களைத் தாண்டினால் ஒரு நாளுக்கு 100 இந்திய ரூபாய் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி போட்டிருக்கிறது. நல்ல விதி, பொறாமையாகக்கூட இருக்கிறது. ஆனால் கோட்டையில் போய் அதைக் கேட்டால் சிரிப்பார்கள்.

இங்கே பதிவை எழுதியவர் எவரோ அவர்தான் திருத்த வேண்டும். பணியகம் உங்கள் முறைப்பாட்டை வாங்கி உரிய நிறுவனத்துக்கு அனுப்பும், நடுவில் நின்று கேட்கும். ஆனால் நிறுவனம் சரியான தகவலைத் திரும்ப அனுப்பினால்தான் வரி மாறும். அதனால் என் வழக்கம், பணியகத்துக்கு முறைப்பாடு போடும் அதே வாரத்தில் கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் நேரே போய்விடுவது.

மோட்டார் சைக்கிள் விஷயத்தில் நாங்கள் லீசிங் கம்பனிக்கு நேரே போனது அதனால்தான். முதல் சிக்கல், கடன் எடுத்த கிளையே இல்லை. நிதிக் கம்பனிகளில் சில ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன, சிலவற்றின் உரிமத்தை மத்திய வங்கி இரத்துச் செய்திருக்கிறது. அப்படியான இடங்களில் கணக்கு இப்போது யார் கையில் என்று கண்டுபிடிப்பதே ஒரு வேலை. எங்களுக்கு அவ்வளவு கஷ்டம் வரவில்லை, கிளையைத்தான் வேறு கிளையோடு சேர்த்திருந்தார்கள். இரண்டாவது சிக்கல் பிஸ்கட் டின்னில் இருந்தது. காசு கட்டும் இயந்திரம் துப்பிய ரசீதுகள் எல்லாம் வெள்ளைக் காகிதமாகிவிட்டன! அந்தக் காகிதத்தில் எழுத்து நிற்காது. ரசீது கையில் வந்த அன்றே போட்டோக் கொப்பி எடுக்காவிட்டால், அல்லது போனிலாவது படம் பிடிக்காவிட்டால், நீங்கள் சேர்த்து வைப்பது வெறும் சுருள்.

எங்களைக் காப்பாற்றியது வாகனத்தின் சீஆர், அதாவது பதிவுச் சான்றிதழ். லீசிங் ஓடும் வரை அதில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் கம்பனியின் பெயர் இருக்கும். கடன் தீர்ந்ததும் கம்பனி கடிதம் கொடுக்கும், அதைக் கொண்டு போய் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயரை நீக்குவார்கள். கடன் பாக்கி இருந்தால் எந்தக் கம்பனி தன் பெயரை எடுக்கச் சம்மதிக்கும்? சீஆரின் பிரதியைப் பார்த்ததும் முகாமையாளர் கணக்கைத் திறந்து கீழே கீழே இழுத்துக்கொண்டு போனார். கடைசித் தவணை கட்டிய பிறகு, கணக்கை மூடுவதற்கு முன், தாமதக் கட்டணம் என்று 640 ரூபாய் தானாக ஏறியிருக்கிறது. அதைப் பற்றி ஒருவரும் இவருக்குச் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை.

"நீங்க இத கட்டிட்டா லேசா முடிஞ்சிரும்" என்றார் முகாமையாளர். ஓட்டோக்காரர் பர்ஸை எடுத்துவிட்டார். நான் கையைப் பிடித்தேன். 640 ரூபாய் பெரிய காசில்லை. ஆனால் இன்று கட்டினால், இவ்வளவு காலமும் நிலுவையில் இருந்து இன்றுதான் தீர்ந்தது என்று ஆகிவிடும். தாமதத்தின் சரித்திரம் அப்படியே நிற்கும். எங்களுக்கு வேண்டியது, அது பிழையாக ஏறிய தொகை என்று அவர்களே தள்ளுபடி செய்து, கடன் உண்மையில் தீர்ந்த திகதியிலேயே தீர்ந்ததாகப் பதிவைத் திருத்தி அனுப்புவது. இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், அறிக்கையில் ஒன்றில்லை. கடிதத்தில் அதைத்தான் எழுதினோம்: கடன் இலக்கம், தீர்ந்த திகதி, எந்த வரி பிழை, என்னவாக மாற வேண்டும். அரைப் பக்கம். பிள்ளைகளின் படிப்பு, வீட்டு வாடகை எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பிரதியில் முத்திரையும் திகதியும் வாங்கிக்கொண்டோம். தமிழில் எழுதலாம், தடையில்லை. ஆனால் தலைமை அலுவலகத்தில் கடிதம் மொழிபெயர்ப்புக்குக் காத்திருப்பதைப் பலமுறை கண்டவன் என்பதால் நான் ஆங்கிலப் பிரதியும் சேர்த்தே வைப்பேன்.

கடனட்டைக்கு வேறு விதம். நான் வாங்கவில்லை என்பதற்கு ரசீது கிடையாதே. அடையாள அட்டையின் இரு பக்கப் பிரதியைக் கொடுத்து, உங்கள் விண்ணப்பக் கோப்பில் இருக்கும் அட்டைப் பிரதியோடும் கையெழுத்தோடும் ஒப்பிட்டுப் பாருங்கள் என்று எழுத்தில் கேட்டோம். அவர்களிடம் கோப்பு இருந்தது. ஓர் இலக்கம் வித்தியாசம், ஊர் வேறு, கையெழுத்து வேறு. இது தட்டச்சுப் பிழை, அதனால் சுலபமாக முடிந்தது. கோப்பிலேயே உங்கள் அட்டைப் பிரதியும் போலிக் கையெழுத்தும் இருந்தால் அது பிழை இல்லை, மோசடி. அப்போது முதலில் பொலிஸ் முறைப்பாடு.

நிறுவனம் பதில் சொல்லாமல் இழுத்தடித்தால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு எழுதலாம். 1935 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம். நிதிசார் குறைகேள் அதிகாரியும் இருக்கிறார். எங்கே போனாலும் முதல் கேள்வி, நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுத்தீர்களா என்பதுதான். முத்திரை வாங்கிய பிரதி அங்கேதான் வேலை செய்யும். 2022இல் நிறைவேறிய தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் பிழையான தரவைத் திருத்தக் கேட்கும் உரிமை எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவருவதே பின்போடப்பட்டது, அதை நம்பி நான் யாரையும் இன்னும் அனுப்பவில்லை.

அப்புறம், 'கிரிப் க்ளியர் செய்து தருகிறோம்' என்று முகநூலில் வரும் விளம்பரங்கள். பிழை என்றால் காசில்லாமலே நீங்கள் திருத்தலாம், உண்மை என்றால் அவர்களாலும் அழிக்க முடியாது. உண்மையாகத் தாமதமான தவணை, கடன் தீர்ந்த பிறகும் சில காலம் சரித்திரமாகத் தெரியத்தான் செய்யும். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 வீதப் புள்ளிகள் கூட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வருடத்தில் தவணை தவறாத வியாபாரி புறக்கோட்டையில் எத்தனை பேர்? காரணம் நியாயமானதுதான், ஆனாலும் தாமதம் தாமதம் என்றுதான் பதிவாகும். அதற்கு முன் மொறட்டோரியம், அதாவது தவணையைத் தள்ளிவைக்கும் சலுகை, பெற்றவர்கள் மட்டும், தள்ளிவைத்த மாதங்கள் தாமதமாக ஏறியிருக்கின்றனவா என்று அறிக்கையில் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். ஏறியிருந்தால், சலுகை தந்த கடிதம் கையில் இருந்தால், அது திருத்தக்கூடிய பிழை.

என் சொந்தக் கதையும் ஒன்று உண்டு. பாவிக்காத கடனட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, கணக்கு மூடியாயிற்று என்று இரண்டு வருடம் இருந்தேன். வருடாந்தக் கட்டணமும் அதன் மேல் வட்டியும் ஏறிக்கொண்டே இருந்தன. நான்கு பேருக்குக் கணக்கு எழுதுகிறவன்! கடிதம் கொடுத்து மூடவில்லை, ஆகவே பிழை என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. கட்டினேன்.

ஓட்டோக்காரருக்கு மோட்டார் சைக்கிள் வரியும் கடனட்டை வரியும் திருந்துவதற்கு இரண்டு மாதத்துக்குக் கிட்ட எடுத்தது. புது அறிக்கையை அதே மேசையில் விரித்தோம். மூன்றாவது வரி அப்படியே இருந்தது. பிணைக்குக் கையெழுத்து வைத்தது அவர்தான், அதை யாரிடமும் மறுக்க முடியாது. மச்சான் நான்கு தவணை பின்னால் நிற்கிறார். சில நிறுவனங்கள் நிலுவையைப் பிரித்துக் கட்ட ஒரு மீள் அட்டவணை போட்டுத் தரும், ஆனால் அதற்குக் கடன்காரர் நேரில் வந்து கையெழுத்து வைக்க வேண்டும் என்று சொன்னேன்.

மனைவி ஒன்றும் பேசாமல் தன் போனை எடுத்துத் தம்பியின் இலக்கத்தை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு அறிக்கையின் மேல் வைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.